பத்மா அக்கா தந்த எஞ்சின் ஒயில்

மாலை நான்கு மணி பதினேழு நிமிடம்.

இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. லண்டனின் தெற்கே, சட்டனில் நான் வேலை செய்யும் மருந்துக் கடையில், ஒரு முதியவரின் மாத்திரைகளைக் கணினியில் பதிந்துகொண்டிருந்தேன். திரையின் மூலையில் மணி ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மேலங்கிப் பையில் கைபேசி அதிர்ந்தது. மகள் தாரணி.

வேலை நேரத்தில் அவள் என்னை அழைப்பதில்லை. ஏதாவது சொல்ல இருந்தால் இரண்டு வரிச் செய்தி அனுப்புவாள், அதுவும் ஆங்கிலத்தில். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. பயம் வந்தால் மட்டும் முழுத் தமிழில் பேசுவாள். அன்று தமிழில் பேசினாள்.

“அம்மா, காரிலை சிவப்பா ஒரு லைற் எரியுது.”

“என்ன லைற்?”

“மூக்கு வச்ச சின்னக் கான் மாதிரி. நுனியிலை ஒரு துளி விழுது.”

“கார் ஓடுதோ?”

“ஓடுது. ஆனா சத்தம் ஒண்டு கேக்குது. டக்கு டக்கு எண்டு.”

“இப்ப எங்கை?”

“எம் ட்வென்ரிஃபைவ். தேம்ஸ் பாலம் தாண்டிட்டன்.”

எனக்குக் கண்ணில் தெரிந்தது லண்டனைச் சுற்றி ஓடும் அந்தப் பெருவீதி மட்டும்தான். நான்கு நிரை வாகனங்கள், பெரிய லொறிகள், ஐப்பசி மழை, நடுவில் என் பிள்ளை தனியாக. அந்தச் சின்னக் கான் என்ன சொல்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

“நிப்பாட்டாதை. அந்த ரோட்டிலை தனிய நிக்காதை. மெதுவா வீட்டை வா. அப்பா வந்து பாப்பார்.”

“ஓம் அம்மா.”

தொடர்பு அறுந்தது. உடனே திருப்பி அழைத்தேன். அந்த எண் இப்போது கிடைக்காது என்றது ஒரு பெண்ணின் குரல். அந்தக் குரலை அடுத்த இரண்டு மணித்தியாலத்தில் எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது.

வாராவாரம் எழுதும் இந்த நினைவுத் தொடரில் வருடங்களை ஓர் ஒழுங்கில் கோத்து வந்தேன். சென்ற வாரம், லண்டனுக்கு வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் அந்த ஒழுங்கை நானே முறிக்கிறேன். இது போன மாதம் நடந்தது. காரில் ஏறிச் சாவியைத் திருப்பினால், எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணையுமே, அந்த இரண்டு விநாடிக்கு என் கண் இன்னும் அந்தச் சிவப்புக் கானைத்தான் தேடுகிறது. எழுதினால் குறையுமோ என்று பார்க்கிறேன்.

இரண்டு கான்கள்

தாரணி இயன்முறை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள் எசெக்ஸ் பக்கம் போக வேண்டும். ரயிலில் போனால் மூன்று இடத்தில் மாற வேண்டும். அதனால், இது நடப்பதற்கு ஒரு மாதம் முன்னர், ஒரு பழைய சின்னக் கார் வாங்கிக் கொடுத்தோம். வாங்கிய கையோடு கோயிலுக்குக் கொண்டுபோய், நான்கு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி எடுத்தோம். அதில் நாங்கள் ஒரு குறையும் விடவில்லை.

அடுத்த வாரம் கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் இருக்கும் பத்மா அக்காவிடம் காரைக் காட்டப் போனோம். சென்ற வார அத்தியாயத்தைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இந்த ஊருக்கு வந்தபோது, கையில் ஒரு பையும் ஒரு விலாசமும்தான் இருந்தன. அந்த விலாசம் பத்மா அக்காவுடையது. தன் பிள்ளைகள் இருவரையும் ஓர் அறையில் போட்டுவிட்டு, மற்ற அறையை எங்களுக்குத் தந்தவர். தாரணி வயிற்றில் இருந்தபோது எனக்கு வாய்க்குப் பிடித்த ஒரே சாப்பாடு அவருடைய புளிக்கஞ்சி. அவர் எங்களுக்கு உறவில்லை. உறவென்றால் இவ்வளவு செய்திருக்க மாட்டார்கள்.

அவர் இப்போது ஒரு பலசரக்குக் கடை நடத்துகிறார். எங்கள் ஆட்களின் கடை எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் மின்குமிழ், பனங்கட்டிக்குப் பக்கத்தில் மழைக்குடை. வாசலோரம் கார்க் கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீர். அன்று அதற்குப் பக்கத்தில் எஞ்சின் ஒயில் கான்கள் அடுக்கியிருந்தன. எல்லோருக்கும் தெரிந்த பெரிய நிறுவனத்தின் பெயரும் நிறமும்.

பத்மா அக்கா தாரணியின் காரைச் சுற்றி வந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார். நெற்றியில் திருநீறு பூசுவது போல முன்கண்ணாடியில் ஒரு விரலால் தொட்டார். பிறகு உள்ளே போய், இரண்டு கான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

“பிள்ளையின்ர காருக்கு.”

“அக்கா, வேண்டாம். கடைச் சாமான்.”

“நீ சும்மா இரு. உனக்கோ தாறன்? பிள்ளைக்கு.”

இரண்டு தரம் மறுத்தேன். மூன்றாம் தரம் வாங்கினேன். அதுதான் எங்கள் மரியாதை. தந்தவருக்கு முன்னால் பையைத் திறந்து பார்ப்பதும் இல்லை. பார்த்தால், தந்த கையைச் சந்தேகப்பட்ட மாதிரி.

வந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வீட்டு முன்றலில் மட்டை ஒன்றை விரித்துக் காருக்குக் கீழே படுத்தார். லண்டனில் இருபது வருடமாக பஸ் ஓட்டுகிறவர். எங்கள் வீட்டுக் கார்களுக்கு ஒயில் மாற்றுவது அவர் கைவேலை. புதுக் கானைத் திறக்கும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இது எங்கை வாங்கினது?”

“பத்மா அக்கா தந்தவா.”

“ஆ,” என்றார். திறந்து ஊற்றினார்.

அந்த “ஆ”வைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்தேன். கேள்வி கேட்கத் தெரியாத மனிதர் அல்ல அவர். கடையில் தக்காளி வாங்கினால்கூட எந்த நாட்டுத் தக்காளி என்று திருப்பிப் பார்ப்பார். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னதும் கேள்வி முடிந்துவிட்டது.

மற்றக் கான் அந்தப் பையோடேயே என் காரின் பின்பெட்டியில் கிடந்தது.

எங்கே எடுத்தது?

இதை எங்கள் அறியாமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது பழகிய பழக்கம்.

போரில் யாழ்ப்பாணத்துக்குப் பொருட்கள் வராமல் தடை இருந்த வருடங்களில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் அடைத்து வைக்கும் சாமான். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு துளி பெற்றோல் காட்டிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். வீதியெல்லாம் வெள்ளைப் புகை. எங்கள் கணித ஆசிரியர் வருவது எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையின் முனையிலேயே மணத்தில் தெரியும்.

அந்தக் காலத்தில் யாராவது ஒரு போத்தல் எண்ணெயோ, ஒரு கட்டு பற்றரியோ, ஒரு சவர்க்காரமோ கொண்டுவந்து தந்தால், ஒரு கேள்வியை மட்டும் கேட்கக்கூடாது. எங்கே எடுத்தது? கேட்டால் தந்தவருக்கு ஆபத்து. அவருக்குத் தந்தவருக்கும் ஆபத்து. ஆகவே ஆளைப் பார்ப்போம், சாமானைப் பார்க்க மாட்டோம். ஆள் நல்லவர் என்றால் சாமானும் நல்லது.

அந்தப் பழக்கம் எங்களைக் காப்பாற்றியது. அது பொய்யில்லை. ஆனால் அதை நாங்கள் விமானத்தில் ஏற்றி இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம். இங்கே அந்தக் கேள்வியைக் கேட்டால் யாரையும் யாரும் பிடித்துக்கொண்டு போவதில்லை. ஆனாலும் வாயில் வருவதில்லை.

இதில் வெட்கம் என்னவென்றால், நாள் முழுவதும் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். ஒவ்வொரு மருந்துப் பெட்டியும் என் கையில் ஒருமுறை உருளும். பெயர், அளவு, முடியும் திகதி, தொகுதி எண், முத்திரை. ஒருமுறை ஒரு பெட்டியின் மடிப்பில் பசை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது என்று முழுக் கட்டையும் திருப்பி அனுப்பினேன். எங்கள் மருந்தாளர் என்னைப் பார்த்து, நீங்கள் வீட்டில் முட்டையையும் இப்படித்தான் பார்ப்பீர்களா என்று சிரித்தார்.

முட்டையைப் பார்ப்பேன். பத்மா அக்கா தந்ததைப் பார்க்கவில்லை.

ஜெயம் அண்ணை

நான்கரை மணிக்கு மருந்தாளரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கணவருக்கு அழைத்தேன். பஸ் ஓட்டும்போது அவர் கைபேசியைத் தொட முடியாது. குரல் பதிவு வைத்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பிறகு கேட்டபோது, நான் முழு வசனம் ஒன்றும் பேசவில்லை என்றார்.

அவசர எண்ணுக்கும் அழைத்தேன். கார் இலக்கத்தைச் சொன்னேன். பாலத்துக்குத் தெற்கே விபத்து எதுவும் பதிவாகவில்லை என்றார் அங்கே பேசிய பெண். “இப்போதைக்கு” என்று ஒரு சொல்லையும் சேர்த்தார். நல்ல மனதோடு, சரியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் சேர்த்திருப்பார். அந்த ஒரு சொல்லோடுதான் நான் கார் ஓட்டினேன்.

ஐந்து நிமிடத் தூரத்தில், ரயில் பாதைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ஜெயம் அண்ணையின் கராஜ். வருடாந்தச் சோதனைக்கு எங்கள் கார்களை அவரிடம்தான் விடுவோம். நான் போனபோது ஒரு வெள்ளைக் காரை உயரத் தூக்கிவிட்டு அதன் கீழே நின்றார்.

“என்ன தங்கச்சி, முகம் ஒரு மாதிரி?”

சொன்னேன். சிவப்பு விளக்கு, டக்கு டக்குச் சத்தம், பாலம். அவர் கையைத் துடைத்தபடியே கேட்டார்.

“நிப்பாட்டச் சொன்னீங்களோ?”

“இல்லை. மெதுவா வீட்டை வரச் சொன்னன்.”

கை துடைப்பது நின்றது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“மஞ்சள் லைற் எண்டா யோசிக்கலாம், தங்கச்சி. அந்தக் கான் சிவப்பிலை எரிஞ்சா யோசிக்க ஒண்டுமில்லை. எஞ்சினுக்கு ஒயில் ஏறேல்லை எண்டு அர்த்தம். கரைக்கு எடுத்து உடனே நிப்பாட்ட வேணும்.”

“நிப்பாட்டாட்டி?”

அவர் கை துடைத்த துணியை மடித்தார். நான் விடவில்லை.

“சொல்லுங்கோ அண்ணை. ஓட ஓட என்ன நடக்கும்?”

“எஞ்சின் இறுகும். இறுகினா ஓட்டத்திலேயே பவர் போயிடும்.” பிறகு அவசரமாக, “பிள்ளை கெட்டிக்காரி. ஒண்டும் நடவாது. இருங்கோ,” என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அதில் பழைய ரயர் ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்தார்.

நான் இருக்கவில்லை. கைபேசியில் வரைபடத்தைத் திறந்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் வீதி முழுவதும் கடும் சிவப்பாகக் கிடந்தது. மாலை நெரிசலும் சிவப்புத்தான், விபத்தும் சிவப்புத்தான். வரைபடத்துக்கு வித்தியாசம் தெரியாது.

“கடைசியா ஆர் ஒயில் மாத்தினது?” என்று கேட்டார் ஜெயம் அண்ணை.

“இவர்தான். மூண்டு கிழமை இருக்கும்.”

“என்ன ஒயில்?”

அப்போதுதான் பின்பெட்டியில் கிடந்த மற்றக் கான் எனக்கு நினைவு வந்தது.

அடியில் இருந்த கடிகாரம்

ஜெயம் அண்ணை கானை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மூடியின் வளையத்தை நகத்தால் நெருடினார். இறுக்கம். மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளிக் கடதாசி ஒட்டியபடி இருந்தது. பின்பக்கத் தாளில் காருக்குரிய தர இலக்கத்தைத் தேடினார். அதுவும் இருந்தது.

“பாக்க நல்லாத்தான் கிடக்கு,” என்றார்.

ஒரு துளியை அவர் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பார், மணந்து பார்ப்பார், சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

“விரலிலை தேச்சு ஒயில் சொல்லுறன் எண்டு ஆரும் சொன்னா, அவனிட்டைக் காரை விடாதேங்கோ. முப்பது வருஷமா இதுக்குள்ளை கிடக்கிறன். எனக்கே ஏலாது. லாப்பிலை குடுத்துச் சோதிச்சாத்தான் தெரியும்.”

“அப்ப நீங்கள் எப்பிடித் தெரிஞ்சு வாங்கிறீங்கள்?”

“ஒயிலைப் பாத்து வாங்கிறதில்லை. வாற வழியைப் பாத்து வாங்கிறன். கொம்பனி ஆரை ஏஜென்ற் எண்டு போட்டிருக்குதோ அவையிட்டை மட்டும். பில் எடுத்து வைப்பன். ஒண்டு நடந்தா, ஆற்றை சட்டையைப் பிடிக்கிறது எண்டு தெரிய வேணுமெல்லோ.”

சுவரோரம் வெறும் கான்கள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஆணி ஏற்றிய ஓட்டை. நான் அதைப் பார்ப்பதைக் கண்டார்.

“வெறுங்கானை நான் முழுசா வெளியிலை விடுறதில்லை. போன வருஷம் ஒருத்தர் வந்து கேட்டவர், வீட்டிலை பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்த வேணுமாம். சரி கொண்டு போங்கோ எண்டன். மூடியோடை வேணும் எண்டார். பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்த மூடி என்னத்துக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. சிரித்த வாயோடேயே அழுகையும் வந்துவிட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கானை அவரிடமிருந்து வாங்கினேன்.

வாங்கிய கை தன் வேலையைச் செய்தது. பக்கவாட்டில் அச்சிட்ட தொகுதி எண், நிரப்பிய மாதம், வருடம். மூடியை இறுக்கிவிட்டு அடியைத் திருப்பினேன். பிளாஸ்டிக்கில் சின்ன வட்டம் ஒன்று புடைத்திருந்தது. வட்டத்தைச் சுற்றி ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள், நடுவில் ஓர் அம்புக்குறி, அதன் இரு பக்கமும் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கங்கள். கடிகாரம் மாதிரி இருக்கும். எங்கள் மருந்துப் போத்தல்களின் அடியிலும் இது உண்டு. பாத்திரத்தை எந்த மாதம் வார்த்தார்கள் என்று அம்பு காட்டும்.

இரண்டையும் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

“அண்ணை, இந்தக் கானுக்குள்ளை ஒயில் நிரப்பினது மாசி மாதமாம்.”

“சரி.”

“கானை வாத்தது அதே வருஷம் ஆடி மாதம்.”

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். அடியைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார், மீண்டும் அடியைப் பார்த்தார்.

“அப்ப அஞ்சு மாதம் ஒயிலை எங்கை வச்சிருந்தவை? கையிலை ஏந்திக்கொண்டு நிண்டவையோ?”

அச்சு, முத்திரை, தாள், நிறம் எல்லாவற்றையும் கவனித்துச் செய்தவர்கள் அடியை மறந்துவிட்டார்கள். பாத்திரத்தின் அடியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். நான் பார்த்திருப்பேன். மூன்று கிழமைக்கு முன்னர், பத்மா அக்காவின் கடை வாசலில் அந்தப் பையைத் திறந்து, வேறு எந்தச் சாமானையும் திருப்புவது போல ஒரு தரம் திருப்பியிருந்தால் போதும். அரை நிமிட வேலை.

முதல் தடவையாகக் கேட்டது

பத்மா அக்காவுக்கு அழைத்தேன். கடையில் கூட்டம், பின்னணியில் யாரோ வெங்காயத்தின் விலை கேட்டார்கள்.

“அக்கா, பிள்ளையின்ர காருக்கு ஒயில் தந்தீங்கள்…”

“முடிஞ்சுதோ? இன்னும் கிடக்கு, வந்து எடன்.”

“இல்லை அக்கா. அதை நீங்கள் எங்கை எடுத்தனீங்கள்?”

இருபத்தாறு வருடத்தில் அவரிடம் நான் கேட்காத கேள்வி. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

“ஏன் கேக்கிறாய்?”

“சொல்லுங்கோ அக்கா.”

“வெம்பிளிப் பக்கமிருந்து ஒருத்தர் வான் ஒண்டிலை கொண்டு வாறவர். நல்ல மனிசன். வெள்ளிக்கிழமையிலை சைவம்.”

பக்கத்தில் நின்ற ஜெயம் அண்ணைக்கு அது கேட்டது. “ஒயிலும் சைவம்தான்,” என்று முணுமுணுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அக்கா, அது கள்ள ஒயில். தாரணியின்ர கார் ரோட்டிலை… ஆளைத் தொடர்பு எடுக்க ஏலாமல் கிடக்கு.”

அவர் கடைக்குள் திரும்பி உரத்த குரலில் சொன்னார்: “எல்லாரும் ஒருக்கா வெளியிலை நில்லுங்கோ. கடை பூட்டுறன்.”

“அக்கா…”

“நான் அதை இன்னும் நாலைஞ்சு பேருக்குக் குடுத்திருக்கிறன். ஒருத்தர் டாக்ஸி ஓடுறவர், மூண்டு சின்னப் பிள்ளையள். ஒவ்வொருத்தரா எடுத்துச் சொல்லுறன். பிள்ளை வந்த உடனை எனக்குச் சொல்லு. வந்த உடனை. விளங்குதோ?”

“ஓம் அக்கா.”

“என்னை மன்னிச்சுக்கொள் எண்டு இப்ப கேக்க மாட்டன். பிள்ளை வரட்டும்.”

அவர் மீது எனக்குக் கோபம் வந்ததா என்று பிறகு சிலர் கேட்டார்கள். வரவில்லை. அவர் தந்தது ஒயில். சிவப்பு விளக்கு எரிய எரிய ஓட்டிக்கொண்டு வா என்று சொன்ன வாய் என்னுடையது. அவர் தந்ததற்கும் நான் சொன்னதற்கும் நடுவில்தான் தாரணி காரை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கள்ளச் சாமானைப் பற்றிக் உள்ளூர்க் கவுன்சிலின் வர்த்தகப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஜெயம் அண்ணை சொன்னார். கானை உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார். பிற்பாடு பத்மா அக்காவே தன் பெயரைச் சொல்லி, கடையில் மிஞ்சியிருந்த கான்களையும் அந்த மனிதரின் தொலைபேசி எண்ணையும் ஒப்படைத்தார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அவரைப் பற்றி யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது.

மழைக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம்

ஐந்து மணி. ஐந்தரை. ஜெயம் அண்ணை தேநீர் போட்டுத் தந்தார். மேலே தூக்கிய வெள்ளைக் காரை அவர் இறக்கவும் இல்லை, வேலையைத் தொடரவும் இல்லை. வானொலியை நிறுத்திவிட்டார். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும்.

காத்திருக்கும்போது மனம் நல்ல நினைவுகளைத் தேடுவதில்லை. அவள் கார் ஓட்டப் பழகிய நாட்களில் பக்கத்து இருக்கையில் நான் இருந்தேன். இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே இருப்பேன். “அம்மா, உங்கட பக்கம் பிரேக் இல்லை,” என்பாள். மூன்று தடவை சோதனை எழுதி, மூன்றாம் தடவை தேறினாள். தேறியது சட்டங்களைப் படித்துத்தான். சிவப்பு விளக்கு என்றால் நிறுத்த வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் இருக்கும். அதற்கு மேலே என் குரல் போய் உட்கார்ந்துவிட்டதே என்று நினைக்க நினைக்க, தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்க வேண்டியதாயிற்று.

ஐந்து ஐம்பதுக்குத் தெரியாத எண் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. பழுதான வாகனங்களை ஏற்றும் லொறியின் சாரதி. என் பெயரைச் சரியாக உச்சரிக்க முயன்று தோற்று, “அம்மா?” என்றார் வெள்ளைக்கார உச்சரிப்பில். தாரணி என் எண்ணைத் தந்து, அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்கிறாள். கார் மேலே ஏற்றியாகிவிட்டது, பெண் தன் பக்கத்தில்தான் இருக்கிறாள், எங்கே கொண்டுவர என்று கேட்டார். ஜெயம் அண்ணையின் விலாசத்தைச் சொன்னேன். அவளிடம் பேசலாமா என்று கேட்பதற்குள் சத்தம் இரைந்து தொடர்பு போய்விட்டது. திருப்பி அழைத்தேன், எடுக்கவில்லை.

உயிரோடு இருக்கிறாள். அது தெரிந்தது. மற்றது தெரியவில்லை. லொறியில் ஏற்றும் நிலைமை என்றால், எஞ்சின் இறுகிய பிறகுதானே? எந்த நிரையில் நின்றது? பின்னால் வந்தவர்கள் எப்படி ஒதுங்கினார்கள்? அவள் எப்படிக் கரைக்கு ஓடினாள்? ஒவ்வொன்றையும் நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், எல்லாப் பதிலும் என் வாயிலிருந்து போன அந்த ஒரு சொல்லில் வந்து முடிந்தது. நிப்பாட்டாதை.

ஆறு நாற்பதுக்கு ஒழுங்கை முனையில் மஞ்சள் வெளிச்சம் சுழன்றது. லொறி பின்பக்கமாக மெல்ல வந்தது. அதன் முதுகில் சின்னக் கார், மழையில் கழுவி எடுத்த மாதிரி. ஒரு கீறல்கூட இல்லை. சாரதிக்கு மறுபக்கத்து உயரமான கதவு திறந்தது. யாருடையதோ பெரிய மஞ்சள் மேற்சட்டைக்குள் தாரணி இருந்தாள். சட்டைக் கை முழங்காலைத் தொட்டது. படியில் கால் வைத்து இறங்கினாள்.

நான் ஓடிப்போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்தேன். குளிரில் விறைத்திருந்தன.

“நான்தானே பிள்ளை சொன்னனான், நிப்பாட்டாதை எண்டு. நான்தான்…”

“அம்மா.”

“எனக்கு அந்த லைற் என்னெண்டு தெரியாது…”

“அம்மா, கேளுங்கோ. நீங்கள் கதைக்கேக்கையே முன்னுக்கு ஒதுங்கிற இடம் ஒண்டு தெரிஞ்சுது. ஓம் எண்டு சொல்லி முடிய முந்தி சிக்னல் போட்டிட்டன். உடனே நிப்பாட்டி, வேலிக்கு அங்காலை ஏறி நிண்டனான். ஃபோன் சார்ஜ் செத்துப் போச்சு. அங்கை இருந்த எமர்ஜென்சி ஃபோனிலைதான் கூப்பிட்டன்.”

“அப்ப ஏன் ஓம் எண்டனி?”

மழையில் நனைந்த தலைமுடியை நெற்றியிலிருந்து ஒதுக்கினாள்.

“உங்கட குரல் அழுகிற மாதிரி இருந்தது. உங்களோடை நிண்டு வாதாட நேரமில்லை.” பிறகு என் முகத்தைக் குனிந்து பார்த்து, மெல்லக் கேட்டாள்: “சொல்லுக் கேக்கேல்லை எண்டு கோவமோ, அம்மா?”